பங்கு

பதினோராம் பக்கம் கேட்டது:
பெற்றோரின் மாதச் சம்பளம்.
அப்பாவுக்குச் சம்பளம் கிடையாது.
பங்குதான்.

டீசல் போக, ஐஸ் போக,
பத்து நாள் அரிசி பருப்பு பீடிக்கட்டு போக
மிச்சத்தில் லாஞ்சுக்காரருக்கு அறுபது.
நாற்பதை எட்டாகக் கிழித்தால்
ஒரு கிழிசல் அப்பா.
சில நடைக்கு நாலாயிரம்.
சில நடைக்குக் குழம்புமீன்.
ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தோரு நாள்
கடலுக்கே பூட்டு.
எண்ணை மட்டும் வாங்கும் அந்தக் கட்டம்
இதில் எதையும் வாங்கவில்லை.

சூரியநாராயணா செட்டி தெருவில்
மணிக்கு முப்பது ரூபாய் பிரவுசிங் சென்டர்.
கடைசிப் பெயர் என்ற இடத்தில்
தேசப்பன் என்று அடித்தேன்.
அன்றிலிருந்து அமெரிக்கா
அன்புள்ள மிஸ் தேசப்பன் என்று
அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

கவுன்சிலர் கடிதம் வேண்டும் என்றதும்
அப்பா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.
வட்டச் செயலாளரைப் பிடித்து
வாசலில் இரண்டு மணிநேரம் நின்று
பச்சை மைக் கையெழுத்தோடு வந்தார்:
‘இப்பெண் எமது வட்டத்தைச் சேர்ந்தவர்.
நன்னடத்தை உள்ளவர்.’
அவர்கள் கேட்ட கவுன்சிலர்
பள்ளிக்கூடத்தில் இருப்பாராம்.
எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த நாற்காலியே இல்லை.
கெமிஸ்ட்ரி பெர்னதெத் மிஸ்
பாதி ராத்திரி விழித்து எழுதித் தந்தார்.
அப்பாவின் தாளையும் சேர்த்தே அனுப்பினேன்,
பச்சை மை காயட்டும் என்று ஊதிவிட்டு.

கட்டுரை, அறுநூற்றைம்பது வார்த்தை.
கஷ்டத்தை எழுது, அதற்குத்தான் மார்க்கெட் என்றான்
இலவசமாக வழிகாட்டிய ஒருவன்.
நான் ஐஸ் கட்டி உருகுவதை எழுதினேன்.
மார்கழியில் எத்தனை நிமிடம், சித்திரையில் எத்தனை,
உமி போட்டு மூடினால் எத்தனை.
முடிவில் ஒரு வரைபடம்.
கண்ணீர் எங்கே என்று கேட்டான் அவன்.

பதினாறாம் பக்கம்:
பெற்றோர் பங்கு, ஆண்டுக்கு.
சைபர் என்று போடப்போனேன்.
நண்டுக் கம்பெனியிலிருந்து வந்து
கீறல் விழுந்த விரல்களை வெந்நீரில் வைத்திருந்த அம்மா
நிமிர்ந்தாள்.
“இன்னாது சைபரு?
பெத்தவங்க செத்தா பூட்டோம்?
முந்நூறு போடு.”
டாலரும்மா.
“தெரியும். போடு.”

மார்ச் கடைசியில்
விடிகாலை நாலரைக்குத்தான் அவர்கள் ஊரில் சாயங்காலம்.
ஏழு கல்லூரிகள் வருந்தின.
ஏழும் ஒரே வாக்கியத்தில்.

எட்டாவது திறந்தபோது
திரை முழுக்கக் காகிதப் பூ கொட்டியது.
வாழ்த்துகள் மிஸ் தேசப்பன்.
காசிமேடு வார்ஃபில், கூடைகளுக்கு நடுவே,
அம்மா முதுகில் அறைந்தாள், அவ்வளவு சந்தோஷம்.
பூக்கள் விழுந்து தீர்ந்தபின்
விரலால் கீழே தள்ளினேன்.
வெளிநாட்டினருக்கான நிதி இவ்வாண்டு தீர்ந்துவிட்டது.
பெற்றோர் பங்கு: 81,300 டாலர்.

அம்மா போனை வாங்கி
வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.
“கடைசி முந்நூறு நம்மளுது.
மீதி யாருது?”

கரையேறிய அப்பா கேட்டார்.
லாஞ்சு ஆட்கள் ஏழு பேரும் கேட்டார்கள்.
யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை.
வஞ்சிரக் குவியலருகே நின்ற ஏலக்கார மஸ்தான்
போனைத் தலைக்கு மேலே தூக்கினார்:
“எண்பத்தோராயிரத்து முந்நூறு!
ஒரு தரம்…”
அப்பாதான் முதலில் சிரித்தார்.
பிறகு எல்லோரும், இருமல் வரும்வரை.
“ரெண்டு தரம்…”

மூன்றாவதை அவர் சொல்லவில்லை.
போனைச் சட்டையில் துடைத்து
என் கையில் தந்தார்.

ஒன்பதாவது கல்லூரி
நாளை, இதே நேரம்.
ஐஸ் வண்டி ஹாரன் அடித்தது.
வழிவிட்டு நின்றோம்.